பதற்றச் சிகிச்சை தேங்கி நிற்கும்போது சிகிச்சையாளரை மாற்றலாமா என்று முடிவெடுப்பது எப்படி?

பதற்றக் கோளாறுக்காக மாதக்கணக்கில் உளவியல் சிகிச்சைக்குப் போய்வந்தும் நிலைமை அப்படியே இருக்கிறது என்று தோன்றும்போது, பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த அமர்விலிருந்து போவதை நிறுத்திவிடுகிறார்கள். வேறு சிலர், இன்னொருவரிடம் போய் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டுமே என்ற தயக்கத்தில், பலன் இல்லை என்று தெரிந்தும் அதே இடத்தில் தொடர்கிறார்கள். இரண்டுமே வருத்தத்துக்குரியவை, ஏனெனில் பதற்றக் கோளாறுகள் சரியான சிகிச்சைக்கு நன்றாகவே கட்டுப்படக்கூடியவை. தேங்கியிருப்பது எது என்பதைக் கண்டுபிடிக்காமல் ஆளை மட்டும் மாற்றினால், அதே தடை புதியவரிடமும் சில மாதங்களில் வந்து நிற்கும். எனவே தேங்கியது எது என்பதை முதலில் கண்டறிந்து, அதைச் சிகிச்சையாளரிடமே எடுத்துச் சொல்லி, அவர் அதற்கு என்ன செய்கிறார் என்பதை வைத்து முடிவெடுப்பதே நல்ல வழி.

இவ்வளவு யோசனை தேவைப்படாத சில நிலைகளும் உண்டு. சிகிச்சையாளர் பாலியல் நோக்கில் பேசினாலோ தொட்டாலோ, உயிருக்கு ஆபத்து போன்ற விதிவிலக்கு எதுவும் இல்லாதபோது நீங்கள் நம்பிச் சொன்னதைப் பிறரிடம் பகிர்ந்தாலோ, தன் சொந்தப் பண விவகாரங்களில் உங்களை இழுத்தாலோ, உங்கள் பிறப்பையோ நம்பிக்கையையோ பாலின அடையாளத்தையோ இழிவுபடுத்தினாலோ, உடனே விலகிவிடலாம். அவருக்கு விளக்கம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. அதேபோல், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைதூக்கினால், சிகிச்சையாளரை மாற்றுவது பற்றிய யோசனையை ஒதுக்கி வைத்துவிட்டு, அன்றைக்கே ஒரு மருத்துவரையோ மருத்துவமனையின் அவசரப் பிரிவையோ நாட வேண்டும்.

முன்னேற்றத்தை முதலில் அளந்து பாருங்கள்

பதற்றம் நம் நினைவையும் சேர்த்தே வண்ணம் மாற்றிவிடும் தன்மை கொண்டது. மோசமான ஒரு வாரத்தின் நடுவில் நின்று திரும்பிப் பார்ப்பவருக்கு, கடந்த மூன்று மாதங்களும் வீணாகப் போனதாகவே தோன்றும்; ஆறு மாதங்களுக்கு முன் தனியாகப் பயணம் செய்யவே முடியாதிருந்தது அப்போது நினைவுக்கு வராது. ஆகவே உணர்வை மட்டும் நம்பாமல் எண்ணிக்கையின் துணையை நாடுவது நல்லது. ஜி.ஏ.டி.-7 என்ற வினாப்பட்டியல் இதற்கு உலகம் முழுவதும் பயன்படுகிறது. 2006இல் வெளியான அதில் ஏழே கேள்விகள்தான் இருக்கின்றன. கடந்த இரண்டு வாரங்களில் ஒவ்வொரு தொந்தரவும் எவ்வளவு அடிக்கடி வந்தது என்பதற்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் இட வேண்டும்; மொத்தம் 21. பொதுவாக 5 முதல் லேசானது, 10 முதல் மிதமானது, 15 முதல் கடுமையானது என்று கொள்கிறார்கள். ஒன்றிரண்டு புள்ளிகள் ஏறி இறங்குவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நான்கு புள்ளிகள் அளவுக்குக் குறைந்து அது நிலைத்திருந்தால் உண்மையான மாற்றம் நடந்திருக்கிறது என்று நம்பலாம். இது நோயைத் தீர்மானிக்கும் சோதனை அல்ல. ஆனால் போக்கைக் காட்டுவதற்கு இதுவே போதும்.

மதிப்பெண்ணைவிடவும் நான் அதிகம் நம்புவது இன்னொரு பட்டியலை. பதற்றத்தால் நீங்கள் செய்யாமல் தவிர்த்துவந்தவை எவை, சிகிச்சை தொடங்கியபோது எவற்றை மீண்டும் செய்ய விரும்பினீர்கள், இன்று அவற்றில் எவற்றைச் செய்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். லிப்டில் ஏறுவது, கூட்டத்தில் பேசுவது, வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு ஒருமுறைக்கு மேல் சரிபார்க்காமல் கிளம்புவது என்று அது மிகத் துல்லியமாக இருக்க வேண்டும். பதற்றத்தின் அளவு குறையாவிட்டாலும் இந்தப் பட்டியல் நகர்ந்திருந்தால் சிகிச்சை வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். பல நேரங்களில் வாழ்க்கை முதலில் விரிகிறது, அச்சம் பின்னால்தான் தணிகிறது. மாறாக, மதிப்பெண் சற்றுக் குறைந்திருந்தும் பட்டியலில் ஒன்றுகூட நகரவில்லை என்றால், தவிர்த்தல் இன்னும் திறமையாக நடக்கிறது என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

உங்கள் சிகிச்சையாளருக்கு இதெல்லாம் தானாகவே தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 550 பேரில் யார் யாருடைய நிலை சிகிச்சையின் முடிவில் மோசமாகும் என்று அவர்களுடைய சிகிச்சையாளர்களிடமே கேட்டார்கள். அவர்கள் சுட்டிக்காட்டியது மூன்றே பேரை. உண்மையில் மோசமானவர்கள் 40 பேர். அக்கறை இல்லாததால் இப்படி நடப்பதில்லை. அறைக்குள் அமர்ந்திருக்கும் ஒருவரைப் பார்த்து மட்டும் தேக்கத்தைக் கண்டுபிடிப்பது அனுபவசாலிகளுக்கும் கடினம் என்பதே காரணம். அளவீடும், நீங்கள் வாய்திறந்து சொல்வதும் இதனால்தான் தேவைப்படுகின்றன.

கால அளவையும் நியாயமாகக் கணக்கிட வேண்டும். சி.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, பதற்றக் கோளாறுகளுக்குப் பொதுவாக வாரம் ஒன்றாக 12 முதல் 16 அமர்வுகள் வரை திட்டமிடப்படுகிறது. எட்டாவது அமர்வு வாக்கில் சிறிய அசைவுகூட இல்லையென்றால் அதைப் பற்றிப் பேசும் நேரம் வந்துவிட்டது. 16 அமர்வுகள் முடிந்தும் ஒன்றும் நகரவில்லையென்றால், திட்டத்தில் எதையாவது மாற்றியே ஆக வேண்டும். ஆனால் மாதம் ஒருமுறை போய்வந்த எட்டு அமர்வுகளும் வாரந்தோறும் போய்வந்த எட்டு அமர்வுகளும் ஒன்றாகா. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகளும் எடுத்துக்கொள்பவர்கள், போதிய அளவில் நான்கு முதல் ஆறு வாரங்களாவது கழிந்த பிறகே அவற்றின் பலனை எடைபோடத் தொடங்க வேண்டும். சிலருக்குப் 12 வாரங்கள் வரை ஆகும்.

தேக்கம் எங்கே இருக்கிறது?

கடைசி நான்கு அமர்வுகளில் என்ன நடந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அந்த வாரத்தில் நடந்த நிகழ்ச்சிகளைச் சொல்லி, ஆறுதல் பெற்று, மனம் லேசாகித் திரும்பியது மட்டும்தான் நினைவுக்கு வருகிறதா? அப்படியானால் பதற்றச் சிகிச்சையின் முக்கியமான பகுதி விடுபட்டிருக்க வாய்ப்பு அதிகம். அச்சம் தரும் சூழலைப் படிப்படியாக நேருக்கு நேர் எதிர்கொண்டு, பயந்தது நடக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும் பயிற்சி, அதாவது எக்ஸ்போஷர், பெரும்பாலான பதற்றக் கோளாறுகளின் சிகிச்சையில் மையமான இடம் வகிக்கிறது. இதை அறிந்த, இதில் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள்கூட நாளடைவில் இதைக் கைவிட்டுப் பேச்சுக்குள் ஒதுங்கிவிடுவது உண்டு. கிளென் வாலர் என்ற உளவியலாளர் 2009இல் இதைச் சிகிச்சையாளர் வழிவிலகல் என்ற பொருளில் விரிவாக எழுதினார். எதிரில் இருப்பவரைப் பயத்துக்கு ஆளாக்க மனம் வராதது இதற்கு ஒரு காரணம். அந்த இரக்கம் புரிந்துகொள்ளக்கூடியதே, ஆனால் அதன் விலையைக் கொடுப்பவர் சிகிச்சைக்கு வந்தவர்.

பயிற்சி நடந்தும் பலன் இல்லாத நிலையும் உண்டு, அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பேனிக் அட்டாக், அதாவது திடீரென உச்சத்துக்கு ஏறும் பயத் தாக்குதல், வரும் என்ற பயத்தில் இரயிலில் ஏறாதிருந்த ஒரு பெண், இப்போது வாரம் மூன்று முறை இரயிலில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அவர் கதவருகே மட்டுமே நிற்கிறார். பையில் ஒரு மாத்திரை அட்டை இருக்கிறதா என்று ஏறுவதற்கு முன் தொட்டுப் பார்க்கிறார். கையில் தண்ணீர்ப் புட்டியும், கணவரின் எண்ணைத் திறந்து வைத்த கைபேசியும் இருக்கின்றன. நாடித்துடிப்பை நிலையத்துக்கு நிலையம் எண்ணுகிறார். ஊர் போய்ச் சேர்ந்ததும் அவர் மனம் கற்றுக்கொள்வது, இரயிலால் ஆபத்தில்லை என்பதை அல்ல. மாத்திரை இருந்ததால் தப்பித்தேன் என்பதைத்தான். பாதுகாப்பு நடத்தைகள் என்று சொல்லப்படும் இவை, எத்தனை முறை பயணம் செய்தாலும் அச்சத்தை அப்படியே காத்து வைக்கின்றன. இந்தப் பெண்ணுக்கு வேண்டியது புதிய சிகிச்சையாளர் அல்ல, இவற்றை ஒவ்வொன்றாகக் கைவிடும் திட்டம். அதை இப்போதுள்ளவரே போட்டுத் தர முடியும், இவை நடக்கின்றன என்று அவருக்குத் தெரிந்தால்.

சில நேரங்களில் சிகிச்சையாளரே ஒரு பாதுகாப்பு நடத்தையாகிவிடுவார். ஒவ்வொரு வாரமும் அவரைப் பார்த்ததும் நிம்மதி, இரண்டு நாளில் அது கரைந்து அடுத்த சந்திப்புக்கான காத்திருப்பு, இடையில் ஐயம் எழுந்தால் ஒரு குறுஞ்செய்தி, உடனே வரும் "ஒன்றும் ஆகாது" என்ற பதில் என்று நடந்தால், அந்த உறவு எவ்வளவு இதமானதாக இருந்தாலும், பதற்றத்துக்குத் தீனி போட்டுக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட சிகிச்சையாளரை மாற்றுவதுதான் மிகக் கடினம், ஏனெனில் குறை சொல்ல அவரிடம் எதுவும் இருக்காது.

உங்கள் பக்கத்தையும் பழியின்றிப் பார்க்க வேண்டும். அமர்வுகளுக்கு இடையில் செய்யச் சொன்னவற்றைச் செய்தீர்களா? செய்யவில்லை என்றால், அதற்கான காரணம் ஒரு தகவல். பயிற்சி அளவுக்கு மீறிக் கடினமாக இருந்திருக்கலாம், அதன் நோக்கம் விளக்கப்படாமல் இருந்திருக்கலாம், மனச்சோர்வு உடல் அசையவே விடாமல் செய்திருக்கலாம். மாற்ற வேண்டும் என்ற எண்ணம் எந்த வாரத்தில் முளைத்தது என்பதையும் கவனியுங்கள். நேரடிப் பயிற்சி தொடங்கும்போது பதற்றம் சில காலம் கூடுவது இயல்பு. அதுவரை நல்லவராகத் தெரிந்தவர், "அடுத்த வாரம் நாம் அந்தக் கட்டடத்துக்கே போகலாம்" என்று சொன்ன நாளிலிருந்து திடீரெனப் பொருத்தமற்றவராகத் தெரியத் தொடங்கினால், மாற்ற நினைப்பது நீங்களா உங்கள் பதற்றமா என்று நிதானமாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

நோயறிதலே சரியாக அமையாததும் தேக்கத்துக்குக் காரணமாகலாம். ஓ.சி.டி. என்ற எண்ணச் சுழற்சி நோய், மனத்துக்குள்ளேயே நடக்கும் சரிபார்த்தலாகவும் மந்திரம் போன்ற முணுமுணுப்பாகவும் இருந்தால், அதைப் பொதுவான கவலை நோய் என்று எண்ணி வருடக்கணக்கில் சிகிச்சை தருவது அரிதல்ல. அதற்குரிய முறையோ வேறு. கடந்தகால வன்முறையின் தாக்கம், கவனக்குறைவுக் கோளாறு, மனச்சோர்வு ஆகியவையும் பதற்றத்தின் உருவில் வரும். உடலையும் மறந்துவிடக் கூடாது. தைராய்டு சுரப்பு மிகுந்தால் வரும் படபடப்பும் நடுக்கமும் வியர்வையும் பதற்றத்திலிருந்து பிரித்தறிய முடியாதபடி இருக்கும். இரத்தசோகை, இதயத் துடிப்புக் கோளாறு, ஆஸ்துமாவுக்கான சில இன்ஹேலர்கள், மிகுதியான காபி, மது இறங்கும் மறுநாள் காலை, உறக்கமின்மை என்று இந்தப் பட்டியல் நீளும். இவை எதுவும் சோதிக்கப்படாமல் இருந்தால், எத்தனை சிகிச்சையாளர்களை மாற்றினாலும் பயனில்லை. ஒரு பொது மருத்துவரைப் பார்ப்பதே அடுத்த படி. அன்றாடம் அடி உதைக்கு ஆளாகும் வீட்டில் வாழும் ஒருவரின் பதற்றத்தைத் தணிக்க மட்டுமே முனையும் சிகிச்சை தேங்கத்தான் செய்யும். அங்கே ஆபத்து உண்மையானது, முதலில் தேவைப்படுவது பாதுகாப்பு.

உறவைப் பற்றி

சிகிச்சையாளருக்கும் சிகிச்சை பெறுபவருக்கும் இடையிலான கூட்டுறவு பலனோடு தொடர்புள்ளது என்பது பலமுறை ஆராயப்பட்டு உறுதியான செய்தி. எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979இல் அந்தக் கூட்டுறவை மூன்றாகப் பிரித்தார்: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்காக என்ன செய்கிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான நம்பிக்கைப் பிணைப்பு. தேக்கத்தை ஆராய்பவருக்கு இந்தப் பகுப்பு மிகவும் உதவும். "அவரோடு ஒத்துப்போகவில்லை" என்று பொதுவாகத் தோன்றுவதை எடுத்து, இம்மூன்றில் எது குறைகிறது என்று பாருங்கள். நீங்கள் வேலைக்குத் திரும்ப விரும்ப, அவர் உங்கள் குழந்தைப் பருவத்தைப் புரிந்துகொள்ள விரும்பினால், அது இலக்கில் உள்ள வேறுபாடு, பேசித் தீர்க்கக்கூடியது. மூச்சுப் பயிற்சி உங்களுக்கு உதவவில்லை என்று மூன்று முறை சொல்லியும் அதையே தந்தால், அது வழிமுறையில் உள்ள குறை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் மறைக்கும் அளவுக்கு அவரிடம் பயமோ கூச்சமோ இருந்தால், அது பிணைப்பில் உள்ள விரிசல். விரிசல் விழுவதே முறிவுக்குக் காரணமாகிவிடாது. ஜெரமி சாப்ரன், கிறிஸ்டோபர் முரன் ஆகிய உளவியலாளர்களின் பணி காட்டியதுபோல, அதை வெளிப்படையாகப் பேசிச் சரிசெய்வதே பலருக்குச் சிகிச்சையின் பயனுள்ள பகுதியாக அமைகிறது. ஒருவரை உங்களுக்குப் பிடித்திருப்பது தொடரப் போதுமான காரணம் அல்ல, பிடிக்காமல் போன ஓர் அமர்வும் விலகப் போதுமான காரணம் அல்ல.

அவரிடமே பேசுவது

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட அதிகத் தெளிவைத் தருவது இதுவே. பேச்சை அமர்வின் கடைசி ஐந்து நிமிடங்களில் தொடங்க வேண்டாம், உட்கார்ந்ததும் சொல்லுங்கள். தாளில் எழுதிக்கொண்டு போய்ப் படித்தாலும் தவறில்லை. "நான் உங்களிடம் வரத் தொடங்கி ஐந்து மாதங்கள் ஆகின்றன. முதல் இரண்டு மாதங்களில் தூக்கம் சீரானது. அதற்குப் பிறகு எதுவும் நகரவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது? நாம் இப்போது எந்தத் திட்டத்தில் இருக்கிறோம், இது பலன் தருகிறதா என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வோம்?" என்று கேட்பதில் யாரையும் புண்படுத்தும் சொல் இல்லை. இதைச் சொல்வதற்கே நெஞ்சு படபடக்கும் என்பது உண்மை. பிறர் அதிருப்தியை எதிர்கொள்ள அஞ்சுபவருக்கு இந்த உரையாடலே ஒரு பயிற்சியாகும். அவரது எதிர்வினை எப்படி இருந்தாலும், கேட்டதே ஒரு முன்னேற்றம்.

பிறகு பதிலைக் கவனியுங்கள். திறமையான சிகிச்சையாளர் ஆர்வம் காட்டுவார். எப்போதிருந்து இப்படித் தோன்றுகிறது என்று கேட்பார். உங்கள் பதற்றம் எதனால் நீடிக்கிறது என்பது பற்றிய தன் கணிப்பை எடுத்து உங்களோடு சேர்ந்து மறுபடி பார்ப்பார். அடுத்த சில வாரங்களில் என்ன மாறும் என்று குறிப்பாகச் சொல்வார். மூத்த ஒருவரிடம் கலந்தாலோசிக்கிறேன் என்றோ, இந்தப் பிரச்சினைக்கு என்னைவிடப் பொருத்தமானவர் இருக்கிறார் என்றோ அவரே சொன்னால், அதை உங்களைக் கைவிடுவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நேர்மையான தொழில்முறை நடத்தை அது. "உங்களுக்குக் குணமாக வேண்டும் என்ற விருப்பமே இல்லை" என்ற பழியும், திட்டம் எதுவுமின்றி "நேரம் எடுக்கும், பொறுமையாக இருங்கள்" என்ற மழுப்பலும், கோபமும், நீங்கள் போய்விட்டால் நிலைமை மோசமாகும் என்ற அச்சுறுத்தலும் வந்தால், பல மாதங்கள் யோசித்தும் கிடைக்காத விடை உங்களுக்கு அந்த ஓர் அமர்விலேயே கிடைத்துவிட்டது.

பதில் நல்லதாக இருந்தால் அதற்கு ஒரு காலவரையறை வையுங்கள். இன்னும் நான்கு முதல் ஆறு அமர்வுகள், இன்னின்ன மாற்றங்களுடன், முடிவில் அதே வினாப்பட்டியலும் அதே தவிர்ப்புப் பட்டியலும் என்று இருவரும் சேர்ந்து தீர்மானிக்கலாம். ஆளை மாற்றாமலே மாற்றக்கூடியவை பல உள்ளன: அமர்வுகளை வாரம் இருமுறையாக்குவது, அறைக்கு வெளியே சென்று பயிற்சி செய்வது, மனநல மருத்துவரைப் பார்த்து மருந்தைச் சேர்ப்பது அல்லது அளவைச் சரிசெய்வது, வேறொருவரிடம் ஒரே ஒரு முறை இரண்டாம் கருத்துக் கேட்பது. அந்தக் காலவரையறை முடிந்த பிறகும் மதிப்பெண்ணும் பட்டியலும் அசையவில்லை என்றாலோ, உங்கள் கோளாறுக்கு உரிய முறையில் அவருக்குப் பயிற்சியே இல்லை என்று தெரிந்தாலோ, மாற்றிவிடுங்கள். அவர் நல்ல மனிதர் என்பதற்காக நீங்கள் குணமாகாமல் இருக்க வேண்டியதில்லை.

மாற்றுவதென்று முடிவானால்

முடிந்தவரை ஒரு நிறைவு அமர்வுக்குப் போய்வாருங்கள். எது உதவியது, எது உதவவில்லை என்பதைச் சொல்லி, இதுவரை செய்த சிகிச்சையின் சுருக்கத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நேரில் போக மனம் ஒப்பவில்லை என்றால் இரண்டு வரி மின்னஞ்சல் போதும். புதியவரின் முதல் நேரத்தை உறுதிசெய்துவிட்டுப் பழையவரிடம் விடைபெறுவது, இடைவெளி நீண்டுபோகாமல் காக்கும். மருந்துகளை மட்டும் இந்த மாற்றத்தின் பேரில் நிறுத்திவிடாதீர்கள், எஸ்.எஸ்.ஆர்.ஐ. மாத்திரைகளைத் திடீரென விட்டால் தலைசுற்றலும் எரிச்சலும் வரலாம், பதற்றத்தை உடனே தணிக்கும் பென்சோடயசபைன் வகை மாத்திரைகளை நீண்ட காலம் எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தினால் வலிப்பே வரக்கூடும்.

புதியவரைத் தேர்ந்தெடுக்கும்போது சில கேள்விகளை முன்கூட்டியே கேட்பது முழு உரிமை. என்னுடைய குறிப்பிட்ட கோளாறுக்கு எந்த முறையில் சிகிச்சை தருவீர்கள், நேரடிப் பயிற்சியை அமர்வுக்குள்ளேயே என்னோடு சேர்ந்து செய்வீர்களா, முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள், பலன் இல்லையென்றால் எப்போது திட்டத்தை மாற்றுவீர்கள் என்பவை போதும். நேரடிப் பயிற்சியைப் பற்றிய கேள்விக்கு அவர் தரும் பதிலுக்கு நான் அதிக எடை தருவேன். பதற்றத்தில் அனுபவமுள்ளவர் எடுத்துக்காட்டுகளோடு சொல்வார். முதல் சந்திப்பில் பழைய சிகிச்சையாளரைப் பற்றிய குறைகளை விரிவாகச் சொல்வதைவிட, நீங்கள் செய்த பயிற்சிகளையும் நின்றுபோன இடத்தையும் சொல்வது அவருக்கு உதவும். அன்றைக்கே ஜி.ஏ.டி.-7 வினாப்பட்டியலை நிரப்பித் தேதியிட்டு இருவரிடமும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள், மறுபரிசீலனை எத்தனையாவது அமர்வில் என்பதையும் பேசி முடிவுசெய்யுங்கள். இதற்கு முன்பும் சிலரை மாற்றியிருக்கிறீர்கள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே கட்டத்தில் விலகினீர்கள் என்றால், அதையும் முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள். அந்தக் கட்டம் வரும்போது என்ன செய்வது என்று இருவரும் முன்கூட்டியே திட்டமிட்டுக்கொள்ளலாம்.